பச்சையிலிருந்து மஞ்சள் வரை

பத்தாவது படியில் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அடித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாசனை மூக்கைத் துளைத்தது. ஜன்னல் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பாகு மாதிரி மினுமினுத்தது. மாடியிலிருந்து இறங்கி வந்த அவனுடைய ஏழு வயதுப் பெண் அந்தப் படியில் இரண்டு பாதங்களையும் நன்றாக ஊன்றி நின்றுகொண்டு, "அப்பா, தண்ணி" என்றாள். அவன் ஒன்பதாவது படியில் உட்கார்ந்து எட்டாவது படிக்கு பிரஷ் போட்டுக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏய்! எத்தனை தடவை சொல்றது, ஈரப் படியில மிதிக்காதேன்னு? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

அவள் அவன் பக்கம் இறங்கினாள். அவளுடைய காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். பாதத்தில் கொஞ்சம் தூசி இருந்தது, பெயிண்ட் இல்லை. படியைப் பார்த்தான். ஒரு சுவடு இல்லை, கீறல் இல்லை. விரலை வைத்தான். விரல் நுனியில் இளம்பச்சை வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது.

மிதிச்சிருக்க மாட்டா, ஓரமா நின்னிருப்பா என்று அவன் முடிவு கட்டினான். அவள் அவனைத் தாண்டி, காய்ந்த படிகளில் கால் வைத்து இறங்கிச் சமையலறைக்குள் போனாள். விரல் பட்ட இடத்தை பிரஷால் தடவிச் சரிசெய்துவிட்டு அவன் மறுபடி வேலையில் இறங்கினான்.

அவன் அப்படிப்பட்ட ஆள். பெயிண்ட் கடையில் ஷேடு கலக்கிக் கொடுப்பது அவன் பிழைப்பு. பத்தொன்பது வருஷமாக அதே கவுன்ட்டர், அதே கலக்குக் குச்சி. கடையில் இருந்தவர்கள் முகத்துக்கு நேரே "ஷேடு சார்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னது வேறு. உலகத்தில் கண் என்று ஒன்று இருந்தால் அது தனக்கு மட்டும்தான் என்பது அவன் எண்ணம். வாடிக்கையாளர்கள் குருட்டுக் கூட்டம். ஷேடு கார்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு "இந்த வெள்ளைதான் வேணும்" என்று சந்தனத்தைக் காட்டும் ஜென்மங்கள். கடையில் புதிதாக வாங்கிவைத்த கலவை மெஷினைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. அது துப்பியதை எல்லாம் முகர்ந்து பார்த்து முகம் சுளிப்பான். இரண்டு நிறங்களைக் காட்டி "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு முழுவதும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "ஒண்ணுதான்" என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததே கிடையாது.

போனில் யாரோ அனுப்பிய ஒரு மாடிப்படியின் படம்தான் இதற்கெல்லாம் ஆரம்பம். கீழிருந்து மேலே நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும் படிக்கட்டு. மனைவி ஆசையாகக் காட்டினாள். "தூ! இது ஷேடா? பட்டை பட்டையாக் கோடு போட்டு வச்சிருக்கான்" என்றான். தன் வீட்டுப் படிகளில் செய்து காட்டுவதாகச் சபதமும் போட்டான். மொத்தம் பதினைந்து படிகள். முதல் படியில் அடர்ந்த காட்டுப் பச்சை. மாடியைத் தொடும் பதினைந்தாவது படியில் கண்ணுக்கே தெரியாத இளமஞ்சள். நடுவில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வித்தியாசம் இன்னதென்று எவனாலும் விரல் வைத்துச் சொல்ல முடியக் கூடாது. ஆனால் அடியிலிருந்து உச்சிக்குப் போனால் வேறு உலகத்துக்கு வந்த மாதிரி இருக்க வேண்டும்.

பதினைந்து டப்பாக்களில் கலந்தான். சனிக்கிழமை ஒற்றைப்படைப் படிகள், ஞாயிற்றுக்கிழமை இரட்டைப்படைப் படிகள். அப்போதுதான் வீட்டில் இருப்பவர்கள் ஏறி இறங்கக் காலுக்கு இடம் இருக்கும். அடிப்பதற்கு முந்தைய நாள் நிறங்களை வரிசையாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பல்பு வெளிச்சம் பொய் சொல்லும், அதனால் பகல் வேண்டும். தூரத்தில் நின்று பார்க்க வேண்டும், அதனால் நிறத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். பெண்ணை நிறுத்தினான்.

ஒவ்வொரு படியிலும் அந்தப் படிக்கான நிறம் பூசிய டப்பா மூடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் நிற்க வேண்டும். இவன் கூடத்தின் கோடியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். ஒரு படிக்குப் பத்து நிமிஷம், சிலதுக்கு இருபது.

"அசையாதே. மூச்சைப் புடி. நீதான் அந்தக் கலர்னு நெனச்சுக்க. கலர் நகருமா? நகராது. நகர்ந்தா எனக்கு எல்லாம் கெட்டுப் போயிடும்."

நாலாவது படியில் கால் வலிக்கிறது என்றாள். ஆறாவது படியில் அழுதாள். "அழாதே, நிழல் ஆடுது" என்றான். பெற்ற பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது! எட்டாவது படியில் அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, கீழ்ப்படியில நின்னவ இன்னும் அங்கயே நிக்கிறா."

"உளறாதே. நேரா நில்லு. ம், அடுத்த படி."

பதினைந்து படிகளும் முடிய மாலையாகிவிட்டது.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது குழந்தைக்குத் தலை வாரிவிட்டாள். வாரி முடித்து, முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"ஏங்க, பாப்பாவைப் பாத்தீங்களா? கண்ணுக்குக் கீழ இருக்கற மச்சம்..."

"மச்சத்துக்கு என்ன?"

"கொஞ்சம் தள்ளியிருக்கு."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "போன வாரம் க்ரீமையும் ஐவரியையும் கையில வச்சுக்கிட்டு ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேட்டவ நீ. மச்சம் நூலளவு தள்ளியிருக்கறது உனக்குத் தெரிஞ்சு போச்சாக்கும்!"

"அது பெயிண்டு. இவ என் பொண்ணு. நேத்து ராத்திரி என் பக்கத்துல படுத்திருந்தா, ஆனா அவ படுக்கற மாதிரி படுக்கல. என்னன்னு சொல்லத் தெரியல. எனக்குப் பயமா இருக்குங்க."

"போம்மா, போ. பஸ்ஸு போயிடப் போகுது."

"இனிமே அவளைப் படியில நிறுத்தாதீங்க. பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசல்வரை போய் ஒரு தடவை திரும்பியும் பார்த்தாள். அவன் பிரஷைத் தின்னரில் அலசிக்கொண்டிருந்தான்.

இப்போது மணி மூன்று இருக்கும். மழை மேகம் கூடி, கூடத்தில் வெளிச்சம் மங்கிச் சாம்பல் பூத்திருந்தது. அவன் எட்டாவது படியை முடித்து, ஏழில் உட்கார்ந்து ஆறாவது படியைத் தொடங்கினான். சமையலறையில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. பிரஷ் மரத்தில் உரசும் சத்தம், கூரையில் முதல் தூறலின் சத்தம், தின்னரின் காரமான வாசனை, அடியில் லேசாக வேறொரு வாசனை, மூடிவைத்த அறையைத் திறந்தால் வருமே, அது. எலி ஏதாவது செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"அப்பா, பென்சில் சீவணும்."

முதுகுக்குப் பின்னால், மேலிருந்து. அவன் திரும்பவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி, "போ, போ, கூடத்துல இருக்கு" என்றான். அவளுடைய பாவாடை அவன் தோளில் பட்டுக்கொண்டு கீழே போனது. கூடத்தில் பென்சில் சீவும் சத்தம் கரகரவென்று தொடங்கியது.

ஆறாவது முடிந்தது. ஐந்தில் உட்கார்ந்து நாலாவதைத் தொடங்கினான். மழை வலுத்தது.

"அப்பா, மழை பெருசா வருதா?"

மறுபடியும் மேலிருந்து. மறுபடியும் ஒதுங்கினான். இந்த முறை அவள் கடக்கும்போது முகத்தைப் பார்த்தான். மச்சம் இருந்தது. கண்ணுக்குக் கீழே இல்லை, கன்னத்தின் நடுவில். அவள் இறங்கிப் போய் ஜன்னல் பக்கம் நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

பிரஷ் அவன் கையில் அப்படியே நின்றது.

இவள் எப்போது மேலே ஏறினாள்?

மத்தியானம் முழுக்க அவன் இந்தப் படிகளில்தான் உட்கார்ந்திருக்கிறான். மூன்று தடவை அவனைத் தாண்டி இறங்கினாள். ஒரு தடவைகூட ஏறவில்லை. ஏறுவதென்றால் அவனைத் தாண்டித்தான் ஏற வேண்டும். வேறு வழி கிடையாது.

ஜன்னல் பக்கம் பாட்டு கேட்டது. கூடத்தில் பென்சில் சீவும் சத்தம் நிற்கவேயில்லை. இந்நேரம் பென்சிலே தீர்ந்திருக்க வேண்டும். சமையலறையில் டம்ளரை எடுத்து வைக்கும் சத்தம். எடுத்து, வைத்து, எடுத்து, வைத்து. எல்லாம் ஒரே நேரத்தில்.

மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"பாப்பா..." என்றான். அவனுக்கே கேட்கவில்லை. எச்சிலைக் கூட்டி விழுங்கி இன்னொரு தடவை கூப்பிட்டான்.

"பாப்பா!"

"என்னப்பா?"

சமையலறையிலிருந்து. கூடத்திலிருந்து. ஜன்னலிலிருந்து. மாடியிலிருந்து. ஒரே மூச்சில், ஒரே குரலில். மாடிக் குரலில் மட்டும் ஏதோ குறைந்திருந்தது.

அவன் சுவரோடு ஒண்டிக்கொண்டான். தோளில் ஈரப் பெயிண்ட் அப்பியது. முதலில் ஜன்னல் பக்கம் இருந்தவள் வந்தாள். அவனைத் தாண்டி ஏறிப் போய் ஒரு படியில் நின்றாள். பென்சிலோடு ஒருத்தி வந்து இன்னொரு படியில் நின்றாள். தண்ணீர் குடித்தவள் வந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒருத்தி. கதவுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி. மேலே வெறும் பாதங்கள் சப் சப்பென்று நடந்து வந்தன. யாரும் அவசரப்படவில்லை. அவரவர் படியில் போய், கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றார்கள். அசையவில்லை. ஈரப் படிகளில் சுவடே விழவில்லை. அவன் எப்படியோ உருண்டு கூடத்துத் தரையில் வந்து விழுந்தான்.

வாசல் கதவு திறந்தது. மனைவி குடையோடு உள்ளே வந்தாள். குடை கீழே விழுந்தது.

அவள் கத்தவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. படிக்கட்டை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள். பிறகு தரையில் கிடந்த அவனைப் பார்த்தாள், காலில் ஒட்டிய அழுக்கைப் பார்க்கிற மாதிரி.

"எந்திரிங்க. நம்ம பொண்ணு எதுன்னு சொல்லுங்க."

"எனக்கு... எனக்கு..."

"உங்க கண்ணுக்குத்தான் எல்லாம் தெரியுமே! ஊருல எல்லாரும் குருடுன்னு பேசுவீங்களே! சொல்லுங்க! அதுல ஒண்ணு நான் பெத்தது!"

அவன் எழுந்தான். முதல் படியில் நின்றவளைப் பார்த்தான். அவன் பெண்ணேதான், விழுந்த முன்பல், வாரிவிட்ட தலை, எல்லாம். இரண்டாவது படியில் நின்றவளைப் பார்த்தான். இவளும் அதே. மச்சத்தைத் தேடினான், காது மடலைப் பார்த்தான், நகத்தைப் பார்த்தான். பத்தொன்பது வருஷம் பழகிய கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். வித்தியாசம் இல்லை.

"ஒண்ணுதான்" என்றான்.

மூன்றாவதையும் இரண்டாவதையும் பார்த்தான். ஒண்ணுதான். நாலு. ஒண்ணுதான். ஐந்து. இருவரையும் பக்கத்தில் இழுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்த்தான். ஒண்ணுதான். அழுதுகொண்டே ஏறினான். எங்காவது ஒரு கோடு இருக்க வேண்டும். இதுவரை என் பெண், இதற்கு மேல் இல்லை என்று ஒரு கோடு. ஏழு. எட்டு. ஒண்ணுதான், ஒண்ணுதான். பதினொன்றில் நின்று பன்னிரண்டைப் பார்த்தான். பன்னிரண்டில் நின்று பதின்மூன்றை. ஒரு மயிரிழைகூட இல்லை.

கீழே மனைவி ஏதோ அலறினாள். அவன் காதில் விழவில்லை.

பதினான்கு. ஒண்ணுதான்.

பதினைந்து.

உச்சிப் படியில் பாவாடை கட்டிக்கொண்டு ஒன்று நின்றது. அதற்கு மச்சம் இல்லை. மச்சம் இருக்கக் கண் இல்லை, கன்னமில்லை, வாயில்லை. நெற்றியிலிருந்து முகவாய்வரை வழுவழுவென்று ஒரே பூச்சு. அவன் பதினான்கைப் பார்த்தான். மறுபடி இதைப் பார்த்தான். இன்னும் ஒரு தடவை பார்த்தான்.

"ஒண்ணுதான்" என்றான்.

அது கைகளை அகல விரித்துத் தூக்கச் சொல்லி நீட்டியது. அவன் குனிந்து தூக்கிக்கொண்டான். ஏழு வயதுக் குழந்தையின் கனம். சூடாக இருந்தது. அது முகமில்லாத தன் தலையை அவன் தோளில் சாய்த்துக்கொண்டது.

கீழே பதினான்கு படிகளிலும் பதினான்கு வாய்கள் திறந்து, "அப்பா! அப்பா! நான் இங்க இருக்கேன்பா!" என்று வீறிட்டு அழுதன. அதில் ஒரு குரல் உண்மையான குரல். அவன் திரும்பிப் பார்க்காமல், தோளில் இருந்ததைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே, மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.