புறப்படாத ஐஸ்பெட்டி

“ஏங்க, ஒண்ணு கேட்டாச் செய்வீகளா?”

“கேளு புள்ள.”

“கிட்ட வாங்க. சத்தமாச் சொல்ல முடியல.”

“இஞ்சின் தெணறுது மேரி. விருந்துக்கு நடுவுல வெளக்கு அணைஞ்சா தொரை நாளைக்கே என் சீட்டைக் கிழிச்சிருவாரு. ஒரு எட்டுப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்.”

“நீங்க அந்த இஞ்சினையே கட்டியிருக்கலாம்.”

“கட்டியிருந்தா இம்புட்டுப் பேச்சுக் கேட்டிருக்க மாட்டேன்.”

வலிக்கு நடுவிலும் சந்தனமேரி சிரித்தாள். பங்களாவின் பின்கட்டு அறையில், பாயில், நெற்றியில் முடி ஒட்டிக் கிடக்க, அவள் சிரித்ததைச் சகாயம் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். எட்டு மாதம் ஆகிவிட்டது. அன்றைக்கும் லைன் கரண்ட் போய், டீசல் இஞ்சின்தான் பங்களாவுக்குக் கரண்ட் கொடுத்தது. அவன் இஞ்சின் கொட்டகையிலிருந்து திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மருத்துவச்சி அழகுத்தாய் கை கழுவிக்கொண்டே, “ஆம்பளப் புள்ள. ரெண்டு மூச்சு விட்டுச்சு, அம்புட்டுத்தான்” என்றாள். என்ன கேட்க வந்தாய் என்று அவன் குனிந்து கேட்டபோது மேரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல. நேரம் போயிருச்சு.”

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவனுக்கும் தோண்டிக் கேட்கத் தைரியம் வரவில்லை.

விருந்துக்கு மறுநாளே தொரை சீமைக்கு லீவில் போய்விட்டார். சமையல்காரியான மேரியும் இஞ்சின்காரனான சகாயமும்தான் அந்தப் பெரிய பங்களாவுக்குக் காவல். ஏலக்காட்டுக்கு நடுவே, மழையில் ஊறிப்போய், அது தன்பாட்டில் நின்றது. இப்போது மூன்று நாளாகக் கம்பம்மெட்டுப் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. கரண்டுக் கம்பங்களும் அதோடு சாய்ந்துவிட்டன. மூன்று நாளாக மேரி ஒரு வாய் சோறு தின்னவில்லை. சமையல்கட்டில், அலமாரி உயரத்துக்கு வெள்ளையாக நிற்கும் தொரையின் ஐஸ்பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

“இஞ்சினைப் போடுங்க. பொட்டி ஓடணும்.”

டீசல் இல்லை. இன்றைக்கு அடுத்த எஸ்டேட் வரை நடந்து, இரண்டு டின் கடன் வாங்கித் தோளில் சுமந்து வந்தான். பிள்ளைதான் போய்விட்டது, இவளாவது தங்கட்டும் என்று வழி முழுவதும் மாதாவிடம் கேட்டுக்கொண்டே வந்தான். பெட்டி ஓடினால் சாப்பிடுகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மூடுபனி ஜன்னல் கண்ணாடிகளை அடைத்துக்கொண்டு நின்றது. கொட்டகையில் இஞ்சின் தட்டத் தொடங்கியதும் பங்களாவின் விளக்குகள் மஞ்சளாகக் கண் திறந்தன. சகாயம் ஓடிவந்து ஐஸ்பெட்டியின் சுவிட்சைப் போட்டான்.

ம்ம்ம்ம் என்று உள்ளே ஒரு முனகல். ஐந்து மூச்சு நேரம். பிறகு ‘டக்’. அவ்வளவுதான். விளக்குகள் மங்கி நிமிர்ந்தன. பெட்டி புறப்படவில்லை.

“பெல்ட் நனைஞ்சிருக்கும்” என்றான்.

மறுபடி கொட்டகைக்குப் போனான். பெல்ட்டைத் துடைத்து இறுக்கினான், பியூஸ் கம்பியை மாற்றினான், மீட்டர் முள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. திரும்பி வந்து சுவிட்சைப் போட்டான். ம்ம்ம்ம். டக்.

அப்போதுதான் அந்த வாடை அவனுக்குத் தட்டியது. மழைநாளில் சமையல்கட்டில் எப்போதும் இருக்கிற ஈர விறகு வாடை அல்ல. திரிந்த பாலும் கொழுப்பும் கலந்த ஒரு வாடை. அதற்கு அடியில் இனிப்பாக வேறு ஏதோ, மூக்கில் நுழைந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டு, விழுங்கினாலும் போகாமல், துப்பினாலும் வராமல்.

“உள்ள எலி செத்துக் கிடக்கு போல. தொறந்து பாப்போம்.”

“தொறக்காதீக. குளிரு போயிரும்.”

“மூணு நாளா நின்ன பொட்டியில ஏது குளிரு?”

அவள் கதவின் கைப்பிடியை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளோடு மல்லுக்கு நிற்க அவனுக்கு மனம் வரவில்லை. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, மார்பில் சேலை நனைந்திருந்தாள். எட்டு மாதமாகியும் அவளுக்குப் பால் வற்றவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றியும் அவன் கேட்டதில்லை.

பெட்டியின் பின்னால் இருக்கிற மோட்டாரைப் பார்க்க மண்டியிட்டான். சுவரோரம், பெட்டிக்குள் இருக்க வேண்டிய கம்பித் தட்டுகள் மூன்றும் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் தூசி படிந்திருந்தது. பக்கத்தில் அம்மி. அதன் மேல் குழவிக்குப் பதில் ஒரு ஆற்றுக்கல். குழவி உடைந்துவிட்டது என்று மேரி சொன்னாள். அதுவும் பிள்ளை பிறந்த ஐப்பசியில்தான்.

கையைத் தரையில் ஊன்றினான். வழுக்கியது. பெட்டிக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஏதோ கசிந்து, தரைப்பலகையின் இடுக்குகளில் சளிபோலத் திரண்டிருந்தது. அது சூடாக இருந்தது. உள்ளங்கையைச் சுவரில் தேய்த்தான், வேட்டியில் தேய்த்தான், சாம்பலை அள்ளித் தேய்த்தான். பிசுபிசுப்பு போகவில்லை.

“மேரி, இது என்ன?”

“ஐஸு உருகியிருக்கும்.”

“ஐஸு சுடுமா?”

“பொட்டியை ஓட வைங்க. எல்லாம் அடங்கிரும்.”

இனி ஒரு வழிதான் இருந்தது. எந்த மோட்டாரும் ஓடுவதற்குத் தேவைப்படுவதைப்போலப் பல மடங்கு கரண்டைப் புறப்படும்போது இழுக்கும். சின்ன இஞ்சினுக்கு அது தாங்காது. அதனால் வீட்டில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது. முதலில் மோட்டார் புறப்பட வேண்டும், பிறகுதான் விளக்குகள். அதோடு, ஒருமுறை மக்கர் பண்ணிய பெட்டியைப் பத்து நிமிடம் ஆறப்போட்டுத்தான் மறுபடி முயற்சி செய்ய வேண்டும்.

ஒவ்வொரு அறையாகப் போய் அணைத்துக்கொண்டே வந்தான். கடைசியாகச் சமையல்கட்டு விளக்கையும் பெட்டியின் சுவிட்சையும். அரிக்கேன் மட்டும் தூரத்தில், வாசற்படியில், திரி இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

இருட்டில் பத்து நிமிடம் காத்திருந்தார்கள்.

கொட்டகையில் இஞ்சின் ஒரே சீராகத் தட்டியது. கூரைத் தகரத்தில் மழை. வாடை மட்டும் இருட்டில் தடித்துக்கொண்டே வந்து, முகத்தின் மேல் ஈரத்துணி போலப் படிந்தது. சகாயம் வாயால் மூச்சு விட்டான். அப்போது அதன் ருசி நாக்கில் பட்டது. மூக்காலேயே விட்டான்.

அவன் நினைவு அந்தப் பெட்டிக்குப் போயிற்று. இந்தப் பெட்டிக்கு அல்ல, பலகைப் பெட்டிக்கு. உபதேசியார் சூசையப்பன் முன்னால் நடக்க, அவனேதான் அதைத் தூக்கிப் போனான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை. வேலிக்கு வெளியே, ஏலச்செடிகளுக்கு நடுவில், சிலுவையும் இல்லாமல் பெயரும் இல்லாமல் புதைத்தார்கள். ஞானஸ்நானம் கொடுக்கிற சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறி வருவார், என்ன செய்வது என்று சகாயம் முணுமுணுத்தான். “சாமியார் எதுக்குப்பா” என்றார் சூசையப்பன். “அவசரத்துக்குப் பெத்தவனே தலையில தண்ணி ஊத்திப் பேர் சொல்லலாமே. மூச்சு இருந்தாப் போதும்.” கோயிலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவனுக்கும் தெரியும். மூச்சு இருந்தபோது அவன் இஞ்சின் பக்கத்தில் இருந்தான். அழகுத்தாய் அம்மன் கும்பிடுகிறவள், அவளுக்கு அந்த வழக்கம் தெரியாது.

அந்தப் பெட்டி கனத்தது. ரெண்டு மூச்சு விட்ட பிள்ளைக்கு இவ்வளவு கனமா என்று நினைத்தான். மேரியே துணி சுற்றி மூடிக் கொடுத்ததால் திறந்து பார்க்கவில்லை. சரிவில் கால் வழுக்கியபோது உள்ளே ஏதோ உருண்டு பலகையில் மோதியது.

டக்.

சகாயம் இருட்டில் அம்மி இருந்த பக்கம் திரும்பினான்.

கல்.

உருண்டது குழவிக்கல்.

கை தானாகச் சுவிட்சைத் தேடியது. பெட்டியை ஓட்ட வேண்டும், விளக்கைப் போட வேண்டும், இவளை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். சுவிட்சைத் தொடுவதற்குள் சத்தம் வந்துவிட்டது.

ம்ம்ம்ம்.

அவன் இன்னும் போடவில்லை.

தடவித் தடவிக் கரண்டுக் கம்பியைப் பிடித்தான். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். பிளக் அவன் கையில் இருந்தது.

ம்ம்ம்ம்.

ஐந்து மூச்சு. பிறகு ‘டக்’. இவ்வளவு பக்கத்தில் அது இரும்புச் சத்தமாக இல்லை. ஈரமாக இருந்தது. மேலண்ணத்தில் ஒட்டிய நாக்கை விடுவிக்கிற சத்தம். பசித்தால் பிள்ளைகள் போடுகிற சத்தம்.

“கரண்ட் இருந்தாத் தூங்கிரும்” என்றாள் மேரி. இருட்டில் அவள் குரல் பழையபடி இதமாக இருந்தது. “குளிருல நல்லாத் தூங்கும். இப்ப மூணு நாளா முழிச்சிருக்கு.”

“மேரி. வா. போயிருவோம்.”

“எங்க போறது?”

அவள் எழுந்து போவது கேட்டது. அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மற்றொரு கையில் தம்ளர். தண்ணீர் தளும்பியது. தம்ளரை அவன் கையில் வைத்து, அவன் விரல்களை அதைச் சுற்றி ஒவ்வொன்றாக மடக்கினாள். அந்த விரல்களில் இன்னும் மஞ்சள் பிசுபிசுப்பு இருந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை.

பிறகு கதவைத் திறந்தாள்.

சூடான காற்று. வாடை அவனை முகத்தில் அறைந்தது. கதவின் ரப்பர் விளிம்பிலிருந்து சளி நூல் நூலாக இழுபட்டு அறுந்தது. அடியில் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஏடு கட்டிய பால், ஏட்டின் மேல் பச்சைப் பூஞ்சை. உள்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன நகக்கீறல்கள். தட்டுகள் இல்லாத அந்த வெள்ளைக் குழிக்குள், ஐப்பசியில் ஒரு முழம்கூட இல்லாதது, எட்டு மாதப் பிள்ளையின் அளவுக்கு உட்கார்ந்திருந்தது. மேரி ஞானஸ்நானத்துக்கென்று தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை அதன் மார்பில் தையல் விட்டுக் கிழிந்து ஒட்டியிருந்தது. தோல் கொதித்த பாலின் ஏட்டைப்போலச் சுருங்கி விரிந்தது. சுருங்கி விரிந்தது.

அது தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தது.

மேரி அவன் தோளில் கன்னத்தை வைத்தாள்.

“ஏங்க” என்றாள். “இன்னும் மூச்சு இருக்கு. தண்ணி ஊத்திப் பேரு வைங்க.”