பைபாஸில் விடாதீங்க

மினசோட்டாவில் பழைய பண்ணை வீடு வாங்குகிறவர்கள் முதலில் கூரையைப் பார்ப்பார்கள். நாங்கள் நிலவறைக்கு இறங்கி, தண்ணீரைச் சுத்தமாக்கி மென்மையாக்கும் சாஃப்ட்னரைப் பார்த்தோம். எங்கள் பகுதிக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் துருவும் அவ்வளவு. உப்பு கொட்டிய அந்தத் தொட்டி வழியாக வராவிட்டால் வெள்ளைத் துண்டு செங்கல் நிறமாகிவிடும். வீட்டை விற்ற கிழவர் ஹால்வர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"பைபாஸ்ல விட்டுட்டு மறந்துடாதீங்க. உப்பு படாத தண்ணி இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்."

துணி கெட்டுப்போகும் என்கிறார் என்று நினைத்தோம்.

என் கணவன் டேரலுக்குப் படி இறங்குவதென்றால் எரிச்சல். உப்புத் தொட்டியைத் தொடாமல் கிணற்று நீரை நேரே குழாய்களுக்கு விடும் பைபாஸ் வால்வில் மோட்டார் மாட்டி, கைப்பேசியிலிருந்தே திறந்து மூடும்படி செய்துவிட்டான். குளிர்காலத்தில் மகள் சிக்னே சறுக்கி விளையாட, வீட்டுக்குப் பின்னால் தரையில் தண்ணீர் பீய்ச்சி உறைய வைப்பான். தரையில் கொட்டும் தண்ணீருக்கு உப்பை யார் வீணாக்குவார்கள்? அதற்குத்தான் பைபாஸ்.

முதல் முறை மூட மறந்துவிட்டான். அன்று மாலை குழாய்களில் மக்கிய இலை நாற்றம். குளியலறைச் சுவருக்குள் யாரோ மெதுவாக மூச்சு விட்டார்கள். குழாயின் வாயிலிருந்து குளியல் தொட்டியின் அடிவரை, நான்கு விரல்கள் இழுத்த துருத் தடம்.

டேரல் அதைத் துணியால் துடைத்தான். "துருதான், பிரிட்டா. துரு எங்கயும் ஒழுங்காவா வழியும்?"

வால்வை மூடினேன். சுவருக்குள் மூச்சுச் சத்தம் நின்றது. சொல்லாமல் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவனை நம்பாமல் என் கைப்பேசியிலும் அந்தச் செயலியை ஏற்றிக்கொண்டேன்.

ஜனவரியில் ஒரு பிற்பகல். ஊருக்குள் பல் மருத்துவமனையில், வரவேற்பு மேசையில் வேலையாக இருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது.

பைபாஸ் திறந்தது.

டேரலை அழைத்தேன்.

"வால்வைத் திறந்தியா?"

"ஆமா, வெளிய தண்ணி அடிச்சிட்டிருக்கேன். இதுக்குப் போய் ஃபோனா? நீயும் அந்தக் கெழவன் மாதிரி ஆயிட்ட."

"சிக்னே எங்க?"

"குளிக்கிறா. சறுக்கிச் சறுக்கி விறைச்சுப் போயிட்டா."

"ஓடு. அவளத் தொட்டியிலேருந்து தூக்கு."

"பிரிட்டா..."

"ஓடுடா!"

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு 'மூடு' என்பதை அழுத்தினேன்.

மூடியது.

உடனே திறந்தது.

டேரலின் பூட்ஸ் சத்தம் படியேறுவது கேட்டது. கதவைத் தட்டினான். என் மகள் குளியலறையைத் தாழிடுகிறவளே அல்ல. இன்று தாழிட்டிருந்தது. உள்ளிருந்து அவள் குரல், தூக்கக் கலக்கத்தில் பேசுவது போல.

"நீங்க போங்கப்பா. தண்ணி இதமா இருக்கு. நாங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கோம்."

நாங்க.

அடுத்த நொடியே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் வீட்டில் வந்து யார் பிள்ளையைக் கேட்கிறது? காத்திருந்த நோயாளிகள் பார்க்கப் பார்க்க, கைப்பேசியைப் பார்த்துக் கத்தினேன்.

"அவ நான் பெத்த பொண்ணு! நீ கிணத்துலயே கிட!"

மூடினேன். திறந்தது. மூடினேன். திறந்தது. கட்டைவிரல் மரத்துப்போனது. நான் விடவில்லை. அதுவும் விடவில்லை.

மூடினேன்.

திறக்கவில்லை.

கதவு உடைகிற சத்தம். தண்ணீர் தரையில் வழிகிற சத்தம். பிறகு சிக்னேயின் இருமல். உலகத்தில் அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. அவள் கணுக்காலைச் சுற்றி நான்கு துருத் தடங்கள் இருந்தன. வாரக்கணக்கில் அழியவில்லை.

"வித்துட்டுப் போயிடலாம்" என்றான் டேரல். அன்றைக்குப் பிறகு அவன் என்னைக் கேலி செய்வதில்லை.

"வித்தா, அடுத்து வர்றவங்க வீட்டுல பிள்ள இருக்காதா?" என்றேன். "நம்மகிட்ட தோத்துப் போச்சுல்ல. இங்கயே கிடந்து சாகட்டும்."

பைபாஸ் குழாயையே அறுத்தெடுக்கச் செய்தேன். இரு முனைகளையும் அடைத்தாயிற்று. மோட்டாரும் வால்வும் ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய்விட்டன. இப்போது வெளியே பீய்ச்சுவதும் உப்பு வழியாக வந்த தண்ணீர்தான். செலவைப் பற்றி டேரல் மூச்சு விடுவதில்லை.

இன்று காலை சிக்னே குளிக்கப் போனாள். சமையலறையில் என் கைப்பேசி அதிர்ந்தது.

பைபாஸ் திறந்தது.

இல்லாத வால்வு. எனக்கும் தெரியும். இருந்தாலும் 'மூடு' மேல் விரலை வைத்தேன். திரைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று, குளிர்ந்த ஒன்று, என் விரலைத் திருப்பி அழுத்தியது.

நான் விரலை எடுக்கவில்லை.