சுரைக்குடுக்கைக் கம்பம்

"இன்னும் இடது பக்கம் தள்ளுப்பா!"

"உனக்கு இடதா, எனக்கு இடதா?"

"ரேடியோவுக்கு இடது!"

"ரேடியோவுக்கு ஏதும்மா இடதும் வலதும்?" பரணுக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. "இப்ப கேக்குதா?"

லாரிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சிபி ரேடியோ ஒன்று சமையலறை மேசையில் இருந்தது. கோரா அதில் காதை ஒட்டவைத்தாள். வாணலியில் எண்ணெய் பொரிவது போல ஒரே இரைச்சல்.

"ஒண்ணுமே இல்லப்பா."

அப்பா டுவேன் ஏணியில் இறங்கி வந்தார். தலைமுடி முழுக்க, பரணில் அடைத்திருந்த மஞ்சள் பஞ்சு. கையில் ஒரு வெள்ளித் தாள் துண்டு.

"வெயில் உள்ள வராம இருக்க, கூரை முழுக்க இதை ஒட்டி வச்சிருக்காங்க. நம்ம ஆன்டெனாவ தகர டப்பால போட்டு மூடின மாதிரி ஆயிடுச்சு."

கோராவுக்கு உட்காரவே முடியவில்லை. இன்று செவ்வாய். அம்மா ஓட்டும் பெரிய லாரி வியாழக்கிழமை மாலை இந்த ஊர் வழியாகப் போகும். வீட்டுக்குப் பின்னால் தெரிகிற நெடுஞ்சாலைதான். ஆனால் நிறுத்த நேரம் இருக்காது. ஓட்டும்போது போனைத் தொட்டால் வேலை போய்விடும். இரவு அம்மா லாரியை நிறுத்தும்போது கோரா தூங்கிப்போயிருப்பாள்.

அதனால்தான் இந்த ரேடியோ. பழைய வீட்டில் கூரை மேல் உயரமான ஆன்டெனா நின்றது. லாரி ஊரைக் கடக்கிற அந்தக் கொஞ்ச நேரமும் அம்மாவும் மகளும் ஓயாமல் பேசுவார்கள். இந்தப் புது வீட்டிலோ, குடியிருப்போர் சங்கத்தின் விதிப்படி ஆன்டெனா கண்ணில் படவே கூடாது.

அடுத்த வாரத்திலிருந்து அம்மாவுக்கு வடக்குப் பாதை. கோடை முடிந்துதான் இந்தப் பக்கம் வருவாள். இந்த வியாழன் தவறினால் தவறியதுதான்.

"கொடிக்கம்பம் மாதிரி ஒண்ணு நட்டு, அதுக்குள்ள ஒளிச்சா?" என்றாள் கோரா.

"சங்கம் கூடிப் பேசி சரின்னு சொல்ல ஒரு மாசம் ஆகும்."

"மரத்துல கம்பி கட்டினா?"

இருவரும் ஜன்னல் வழியே தங்கள் ஒரே மரத்தைப் பார்த்தார்கள். அந்த ஓக் கன்று கோராவின் தோள் உயரம் இருந்தது.

"அதுக்கு நீயே கம்பியப் பிடிச்சிக்கிட்டு நிக்கலாம்" என்றார் அப்பா.

கோரா சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவில் சுற்றினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. எல்லா வீடுகளும் ஒரே பழுப்பு நிறம். மூன்றாவது சுற்றில் சட்டென்று பிரேக் பிடித்தாள்.

மிஸஸ் ஹேட்லி ஏணி மேல் நின்று, உயரமான ஒரு கம்பத்தின் உச்சியில் சுரைக்குடுக்கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் சங்கத் தலைவி. புல் வளர்ந்துவிட்டதா என்று அடிக்கோல் வைத்து அளப்பவர். பிப்ரவரி முடிந்தால் தெற்கிலிருந்து ஊதாத் தகைவிலான் பறவைகள் வந்துவிடும். மனிதர்கள் தொங்கவிடும் குடுக்கைகளில்தான் அவை கூடு கட்டும். தெருவில் பாதி வீடுகளில் கம்பங்கள் நின்றன. இத்தனை நாள் அவற்றைப் பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டோமே!

"மிஸஸ் ஹேட்லி, இந்தக் கம்பம் நட அனுமதி வாங்கணுமா?"

"தகைவிலானுக்கு வீடு குடுக்க அனுமதியா? குடுக்காதவங்களுக்குத்தான் நான் நோட்டீஸ் அனுப்பணும்!"

கோரா வீட்டுக்குப் பறந்தாள்.

பறவைக் கம்பத்துக்குள் ஆன்டெனாவை ஒளிக்கலாம் என்று அவள் சொன்னதும் அப்பா மேசையைத் தட்டினார். "அபாரம்! இப்பவே போய் ஒரு அலுமினியக் கம்பம் வாங்கிட்டு வரேன்."

"ஐயோ அப்பா! அலுமினியத்துக்குள்ள கம்பிய விட்டா, திரும்பவும் டப்பால போட்ட கதைதானே?"

அப்பா தலையைச் சொறிந்தார். இன்னும் கொஞ்சம் பஞ்சு உதிர்ந்தது. "ஆமால்ல."

அப்பா வேலை செய்யும் படகுக் கடையில் உலோகம் கலக்காத ஃபைபர் கிளாஸ் குழாய் ஒன்று சும்மா கிடந்தது. மூன்று ஆள் உயரம் இருக்கும். புதன்கிழமை மாலை அதைக் கொண்டுவந்தார். உள்ளே கம்பியைச் செலுத்தி, ரேடியோவுக்குப் போகும் கேபிளை மண்ணுக்கடியில் புதைத்தார்கள். உச்சியில் தொங்கவிட நான்கு குடுக்கைகள்.

"வாசல் ஓட்டையெல்லாம் போட வேண்டாம். பேருக்குத் தொங்கினா போதும்" என்றார் அப்பா.

"அவ்ளோ தூரம் பறந்து வந்து, வாசலே இல்லாத வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தா பாவம் இல்லையா?"

"நாளைக்கு அம்மா வர்றதுக்குள்ள முடியணுமே, கோரா!"

"முடிச்சிடலாம்."

அவளுக்கும் உள்ளூரப் பதற்றம்தான். ஆனாலும் நான்கு குடுக்கைகளுக்கும் வாசல் வெட்டினாள். விளிம்புகளைத் தேய்த்து வழவழப்பாக்கினாள். உள்ளே காய்ந்த பைன் இலைகளைப் பரப்பினாள்.

வியாழக்கிழமை பள்ளியில் ஒரு பாடமும் ஏறவில்லை. வீட்டுக்கு ஓடி வந்தால், அப்பா இன்னும் ஆன்டெனாக் கம்பியின் நீளம் சரியா என்று காட்டும் மீட்டரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கம்பி கொஞ்சம் நீளம். முள் சிவப்பிலேயே நின்றது. ஒரு துண்டு வெட்டினார். முள் அசைந்தது. இன்னொரு துண்டு.

"சீக்கிரம்பா!"

"நிறைய வெட்டிட்டா ஒட்ட முடியாதும்மா. பொறு."

இன்னொரு சின்னத் துண்டு. முள் மெல்ல இறங்கிப் பச்சையில் படுத்தது. இருவருமாகக் கம்பத்தை நிமிர்த்தினார்கள். குடுக்கைகள் ஆடின. பார்த்தால் பறவைக் கம்பம், வேறொன்றும் இல்லை.

கோரா மைக்கைப் பிடித்தாள். ரேடியோவில் யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை. "பெரிய நத்தை, பெரிய நத்தை! குட்டி நத்தை கூப்பிடறேன். கேக்குதா?"

இரைச்சல்.

"பெரிய நத்தை, கேக்குதா?"

இரைச்சல். கோரா நகத்தைக் கடித்தாள். போய்விட்டாளோ?

"அட, குட்டி நத்தை!" என்றது வேறொரு லாரிக்காரரின் முரட்டுக் குரல். "பொறு தாயி. எனக்குப் பின்னாடி ஒரு பெரிய நத்தை ஊர்ந்து வருது."

"யாருடா ஊர்றது? உன்ன இப்ப முந்தறேன் பாரு!" அம்மாவின் குரல்! "குட்டி! என் கண்ணு! சாப்பிட்டியா?"

"மக்ரோனி. அப்பா கருக விட்டுட்டார்."

"பழகிக்கோ. ரோட்டுலேருந்து உங்க தெரு தெரியுதுடி. எது நம்ம வீடு?"

"குடுக்கை தொங்கற வீடும்மா!"

"பாதி வீட்டுல தொங்குதே!"

இருவரும் சிரித்தார்கள். பள்ளி, புதுத் தோழி, ஆடுகிற பல் என்று கோரா மூச்சுவிடாமல் கொட்டினாள். அம்மாவின் குரல் மெலிந்துகொண்டே போனது. "கோடை முடிஞ்சதும் இதே ரோடு, கண்ணு... இதே நேரம்..."

"சரிம்மா. பாத்துப் போ!"

பிறகு இரைச்சல். இந்த முறை அது கோராவை உறுத்தவில்லை.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மிஸஸ் ஹேட்லி, மூச்சிரைக்க.

"என் எலக்ட்ரிக் ஆர்கன்ல பாட்டு வாசிச்சிட்டிருந்தேன். நடுவுல அது 'அப்பா மக்ரோனிய கருக விட்டுட்டார்'ன்னு சொல்லுது. அது எப்படி?"

அப்பா கூரையைப் பார்த்தார். கோராவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அது நான்தான். மன்னிச்சிடுங்க. அந்தக் கம்பத்துக்குள்ள ரேடியோ ஆன்டெனா இருக்கு. நான் பேசினது உங்க ஆர்கன்லயும் ஏறிடுச்சு போல. இனிமே நீங்க வாசிக்காத நேரமாப் பாத்துப் பேசறேன்."

மிஸஸ் ஹேட்லி ஜன்னலோரம் போய்க் கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"கண்ணில் படற ஆன்டெனா கூடாதுங்கறதுதான் விதி" என்றார் மெதுவாக. "என் கண்ணுல குடுக்கைதான் படுது. வாசலும் ஒழுங்காத்தான் வெட்டியிருக்க."

ரேடியோவில் யாரோ ஒரு லாரிக்காரர், தெற்கே டெக்சாஸிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மிஸஸ் ஹேட்லி நிமிர்ந்து நின்று காது கொடுத்தார்.

"டெக்சாஸா? வர்ற வழியில தகைவிலான்களைப் பாத்திருப்பாரே!" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்கே வந்துட்டிருக்குன்னு தெரியாம ஒரு வாரமா எனக்கு இருப்பே கொள்ளல. கோரா, அந்த மைக்கைக் கொஞ்சம் இப்படிக் குடேன்?"