கழற்றாமல் கொடுத்த சாவி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், சிமெண்ட் லாரிகள் வரிசைகட்டி வரும் மாலை நேரத்தில், தூறலும் ஆரம்பித்த பிறகு... பூவிழியின் கார் நின்றுவிட்டது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, மீட்டர் முள்ளெல்லாம் படுத்துக்கொண்டன, அவ்வளவுதான்.

பின்னால் வந்த மினி வேன் ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. பூவிழிக்குக் கோபம் வந்தால் முதலில் பேசுவது கண்தான். அந்தக் கண்ணோடு இறங்கினாள். வேனிலிருந்து இறங்கியவனோ அவளைப் பார்க்கவே இல்லை. காரின் பின்பக்க நசுங்கலைத் தடவிக்கொண்டு நின்றான்.

"இது என் வண்டிங்க."

"இருந்திருக்கும். இப்ப என் வண்டி."

அப்போதுதான் நிமிர்ந்தான். மழைத்துளி தங்கிய இமைகளுக்குக் கீழே அவ்வளவு கோபம்... அவ்வளவு அழகு. திருமுருகனுக்கு அடுத்துச் சொல்ல வந்தது மறந்துபோனது.

அவன் வேப்பந்தட்டைக்காரன். வயல்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுப்பவன். குழாய் ஏற்ற வேன் வாங்குவதற்காக, மனசே இல்லாமல் காரைப் புரோக்கரிடம் கொடுத்தான். அந்தப் புரோக்கரிடம் வாங்கியவள்தான் பூவிழி. ஆக, ஒரே காரின் பழைய சொந்தக்காரனும் புதிய சொந்தக்காரியும் நடுரோட்டில் நனைந்துகொண்டு... இப்படி ஒரு அறிமுகம் யாருக்கு அமையும், சொல்லுங்கள்?

அவளுக்கு அதையெல்லாம் ரசிக்கத் தோன்றவில்லை. கோளாறு வண்டியைத் தன் தலையில் கட்டிவிட்டதாகப் பிடிபிடியென்று பிடித்தாள். தன் கையில் ஒருநாளும் நின்றதில்லை என்று அவன் சத்தியம் செய்தான். அதற்குள் கார் தானே சமாதானமாகி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டுனா நிக்காதுங்க," என்றான் அவன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப நீங்களே ஓட்டிப் பாருங்க. ஞாயித்துக்கிழமை வாங்க."

வீம்பு... இருவருக்குமே.

ஆனால் பூவிழிக்கு வீம்பைவிடப் பெரிய கவலை இருந்தது. வீடு கல்லங்குறிச்சியில். அவளுடைய பிசியோதெரபி சென்டர் பெரம்பலூரில். எழுந்து நடக்க முடியாதவர்களுக்கு அவர்கள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பாள். பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் இந்தக் கார்தான் கதி. அப்பா வைரக்கண்ணுவோ, முன்பே ஒருமுறை ஒரு லாரிக்கு முன்னால் கார் இப்படி நின்றுபோனதைக் கேள்விப்பட்டதிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. மாசக் கடைசிக்குள் கோளாறு தெரியாவிட்டால் காரை விற்றுவிட்டு, சென்டரையும் மூடிவிட்டு வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார். பாசத்தில் வந்த பயம். எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

மெக்கானிக்கிடம் விட்டால் கார் பரம சாது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

ஞாயிறன்று திருமுருகன் வந்தான். மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பது போலவே அவனுக்கும் கொத்திலிருந்து கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தாள். அம்மா போன பிறகு வாசல் சாவி, பீரோ சாவி, நெல் அறையின் கனத்த இரும்புச் சாவி எல்லாம் அவள் பொறுப்பு. தேர்த் திருவிழாவில் வாங்கிய பித்தளை மணி வேறு அதில் தொங்கும். அந்தக் கொத்தை வெளியாள் கையில் கொடுக்கும் வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது.

கார் ரஞ்சன்குடிக் கோட்டை வரை போய்த் திரும்பியது. நிற்கவே இல்லை. அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு. அவள் கண்ணில் நீர் முட்டுவதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு காணாமல் போனது.

அடுத்த ஞாயிறும் தானாகவே வந்தான். ஒயர்களை ஆட்டிப் பார்த்தான், பெட்ரோல் பம்பைப் பார்த்தான்... காரைவிட அவளைத்தான் அதிகம் பார்த்தான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். அவளும் இப்போதெல்லாம் ஞாயிறன்று நல்ல புடவையாகத் தேடினாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கார் மட்டும் நிற்கவில்லை.

மாசக் கடைசி வந்தேவிட்டது. மறுநாள் காலையில் காரை எடுத்துப்போகப் புரோக்கர் வருவதாக ஏற்பாடு. சென்டரைப் பூட்டிவிட்டு வந்தவள், வேனோடு காத்திருந்த திருமுருகனிடம் சாவியை நீட்டினாள். கடைசி முறையாக, அதே அரியலூர் சாலை. அதே மழை. அதே பள்ளம்.

மீட்டர் முள்ளெல்லாம் படுத்துக்கொண்டன.

"நின்னுடுச்சுங்க..." என்றான் அவன், நம்ப முடியாமல்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரித்தார்கள்... கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். நின்றுபோன காருக்காக இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் அந்தச் சாலையில் வேறு யாரும் இருக்க முடியாது.

பூவிழி சட்டென்று நிமிர்ந்தாள். வலியோடு வருகிறவரிடம், என்ன செய்தபோது வலித்தது என்றுதான் அவள் முதலில் கேட்பாள். இன்றைக்கு மட்டும் என்ன செய்தோம்? அவள் கண் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் போய் நின்றது. சாவியோடு மொத்தக் கொத்தும் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. பித்தளை மணி கிணுகிணுத்தது.

"கொத்து குலுங்குறப்ப சாவிய இழுக்குது. உள்ள சுவிட்ச் தேஞ்சிருக்கணும்... கரண்ட் விட்டுப்போவுது," என்றாள் மெதுவாக.

கொத்தைக் கழற்றிவிட்டு அதே பள்ளத்தில் ஓட்டினார்கள். நிற்கவில்லை. திரும்ப மாட்டி ஓட்டினார்கள். நின்றது. மெக்கானிக்குகளுக்குப் போனது ஒற்றைச் சாவி. அவன் வைத்திருந்த காலத்திலும், வந்து ஓட்டிய ஞாயிறுகளிலும் ஒற்றைச் சாவிதான். கார் யாரையும் ஏமாற்றவில்லை, அவனும்தான். சுவிட்சை மாற்றினால் தீர்ந்தது.

பூவிழி ஹாரனை அழுத்தினாள். அன்று அவன் அடித்ததைவிட நீளமாக. அப்பாவுக்குப் போன் செய்தாள். வைரக்கண்ணு, புரோக்கரை வரவேண்டாமென்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். சென்டரைக் காலையில் வழக்கம்போலத் திறக்கவும் சொன்னார்.

வேன் நின்ற இடத்துக்குத் திரும்பினார்கள். திருமுருகன் இறங்கவில்லை.

"எல்லாருக்கும் சாவியக் கழட்டித்தானே குடுப்பீங்க... இன்னைக்கு மறந்துட்டீங்களா?"

அவள் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தாள். "மறக்கல. நீங்க வெளியாள்னு தோணல."

அவன் மூச்சை இழுத்து விட்டான். "கோளாறு தெரிஞ்சிட்டா ஞாயித்துக்கிழமை வர்றதுக்குக் காரணம் இருக்காதேன்னு பயந்துகிட்டே இருந்தேங்க. உங்களப் பாக்காம இருக்க முடியாதுங்க எனக்கு."

பூவிழி கார் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டாள். மிச்சக் கொத்தை, மணியும் நெல் அறைச் சாவியுமாக, அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"இது இனி வண்டியில தொங்கக் கூடாதுல்ல... காலைல புரோக்கர் வர்றதா இருந்த நேரத்துக்கு நீங்க வூட்டுக்கு வாங்க. அப்பாகிட்ட நீங்களே குடுங்க."

"உங்க கைக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாரே..."

"பூவிழி கழட்டாம குடுத்தான்னு சொல்லுங்க. அப்பாவுக்குப் புரிஞ்சிடும்."

அவன் இறங்கிக்கொள்ள, அவள் ஓட்டக் கார் கிளம்பியது. அந்தப் பள்ளத்தில் இறங்கி, ஏறி... நிற்காமல் போனது.