ஒரே மெஷின், இரண்டு பேர்

"இன்னா சார்... நான் மொதல்ல வந்து உக்காந்துகினு கீறேனே, கண்ணுக்குத் தெரியலியா?"

கட்டிலில் கால் நீட்டியிருந்தவன் நிமிர்ந்தான். வெளியே அடையாறு முழுக்க மழை... அவன் கண்ணிலோ சிரிப்பு. பாவி, செய்வதையும் செய்துவிட்டுச் சிரிக்கிறதைப் பார் என்று கயலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சின்ன கிளினிக்கில் நரம்புக்குக் கரண்ட் கொடுக்கிற மெஷின் ஒன்றே ஒன்றுதான்; அதைத்தான் அவன் முந்திப் பிடித்திருந்தான்.

பிசியோதெரபிஸ்ட் சாருலதா குறுக்கே வந்தாள். "இதுல ரெண்டு பேருக்கும் வயர் மாட்டலாம். சண்டை போடாம பக்கத்துல உக்காருங்க."

அவன் பெயர் சித்தார்த்தன். ஆட்டோ கவிழ்ந்ததிலிருந்து வலது பாதத்தைத் தூக்க வரவில்லை. கயலுக்குப் படகு இடித்துக் கை முறிந்ததில் மணிக்கட்டு தொங்கிவிட்டது. ஊரூர் குப்பத்தில் மீன் வெட்டிக் குடும்பத்தைத் தாங்குகிற கை... அது எழவே இல்லையென்றால்? யாரிடமும் சொல்லாத அந்தப் பயத்தை எப்படியோ அவனிடம் சொல்லிவிட்டாள்.

கரண்ட் ஏறும்போது அவள் விரல்கள் தானாக விரியும். "பாத்தியா, உன் கை எனக்கு டாட்டா காட்டுது," என்பான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. கிளினிக் போகிற செவ்வாயும் வெள்ளியும் எப்போது வரும் என்றிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாருலதா அவன் காலுக்குக் கரண்டை ஏற்றினாள். "சுர்ருனு தெரிஞ்சதும் சொல்லுங்க."

"ஒண்ணும் தெரியல மேடம்," என்றான், கயலையே பார்த்தபடி.

அவள் இன்னும் கூட்டினாள். பாதம் விலுக்கென்று எழுந்து தண்ணீர் பாட்டிலை உதைத்தது. சாருலதா மெஷினை அணைத்தாள். "இப்ப நீங்களே தூக்குங்க, பாப்போம்."

வேறு வழியில்லாமல் தூக்கினான். பாதம் அழகாக எழுந்தது.

"எப்பவோ சரியாயிடுச்சே... அப்புறம் எதுக்கு வரீங்க?"

கயலுக்குச் சுருக்கென்றது. வாசலில் அவனை மடக்கினாள். "என் கைய பாத்து பாவப்பட்டு வந்துகினு இருந்தியா?"

"பாவப்பட்டிருந்தா ரெண்டு ஆப்பிள் வாங்கிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். உன்ன பாக்காம இருக்க முடியல, கயல். அதான் பொய் சொன்னேன்."

"இந்தக் கை தேறாமலே பூட்டா?"

"தேறுற வரைக்கும் கூட வரேன். தேறலன்னா... மீன நான் வெட்டறேன், நீ வெல பேசு. உன் வாய்க்கு யார் ஈடு?"

சிரிக்கப்போனவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கை நீட்டினான். இடது கையைக் கொடுத்திருக்கலாம்... ஆனால் யார் கண்ணிலும் படாமல் துப்பட்டாவுக்குள் ஒளித்து வைக்கிற அந்தத் தொங்கிய வலது கையை வெளியே எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"எனக்கும் உன்ன புடிச்சிகீது," என்றாள்.