தெற்கு வீதியில் விழுந்த எச்சில் இலை

கருவேணி ஆற்றின் மேற்கே ஞாயிறு இறங்க, கிழக்கே முழுநிலவு எழ, வேங்கைக்கோட்டையின் மதில்கள் பாதி செம்மையும் பாதி வெண்மையுமாக நீரில் நடுங்கிக்கொண்டிருந்தன. வாசகர்களே, அந்த அழகில் மயங்கி மதிலோரக் கால்வாயைப் பார்க்க மறந்துவிடாதீர்கள். சென்ற கோடையில் வீதிக் குப்பை அதை அடைத்து, நீர் அழுகி, காய்ச்சல் பரவி, முந்நூறு உயிர்கள் போயின. அரசரின் இளைய மகளும் அதில் போனாள். அதன்பின் அரசர் ஒரு சட்டம் செய்தார். வீதியில் குப்பை எறிந்தவர் யாராயினும், அதைக் கூடையிலிட்டுத் தம் தலையிலேயே சுமந்து, முரசு முன்னே அதிர, நான்கு வீதியும் சுற்ற வேண்டும்.

ஓராண்டாகக் கூடை சுமந்தவர்கள் எல்லாரும் ஏழைகள்.

அன்று மாலை தெற்கு வீதியில் வந்த ஒரு பல்லக்கின் திரை விலகியது. உண்டு முடித்த எச்சில் இலையொன்று வீதி நடுவே வந்து விழுந்தது.

"நிறுத்துங்கள்!" என்று குறுக்கே பாய்ந்தான் ஒரு வீதிக் காவலன். பத்து நாளைக்கு முன் காவலில் சேர்ந்தவன். தலைப்பாகை புருவம்வரை இறங்கியிருந்தது.

உடன் நின்ற காவலன் பூவன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். "அடேய், சேனாபதி நந்திவேளாரோட பல்லக்குடா! போன மாசம் வணிகர் தலைவரையே விட்டுட்டோம். பேசாம வா!"

சேனாபதி தலையை நீட்டிச் சிரித்தார். "கூடை கொண்டு வந்திருக்கிறாயா தம்பி? வரும் ரோகிணி நாளில் இளவரசி வரகுணையை மணக்கப் போகிறவன் நான். அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் உன் தலை தங்காது."

"சொல்லுங்கள், கேட்கிறேன்."

காவலன் தலைப்பாகையைக் கழற்றினான். கருங்கூந்தல் சரிந்து தோளில் விழுந்தது. ஆம், வரகுணையேதான்! தங்கையைத் தின்ற குப்பைக்கு எதிரான சட்டம் எந்த வாசலில் மண்டியிடுகிறது என்று காண, அவள்தான் காவலன் வேடம் பூண்டிருந்தாள்.

பல்லக்கு தரையில் இறங்கியது. சேனாபதி அவசரமாக வெளியே வந்தார்.

"இளவரசி, ஓர் இலைதானே? டேய், எடுங்களடா அதை!"

பல்லக்குத் தூக்கிகள் அசையவில்லை. "எறிஞ்சவங்கதானுங்களே சுமக்கணும்?" என்று முணுமுணுத்தான் ஒருவன்.

சேனாபதி இலையைப் பார்த்தார். கூடிவிட்ட கூட்டத்தைப் பார்த்தார். குனியவில்லை.

வரகுணை அவர்முன் வந்து நின்றாள். "என் தங்கையின் சிதையருகே நீர் அழுதீர். நானும் நம்பினேன். கருவேணியின்மேல் ஆணை! ரோகிணி நாளில் மணமேடைக்கு வரமாட்டேன். நாளைக் காலை இதே வீதியில் நிற்பேன். நீர் கூடையோடு வரவில்லையென்றால், விலங்கோடு வரவைப்பேன்!"