ஷோகேஸில் ஒரு டம்மி

பெட்டியைத் திறந்தால் உள்ளே வெல்வெட் குழி மட்டும் இருந்தது. கடிகாரத்தைக் காணவில்லை.

வாங்க வந்திருந்த டாக்டர் முதலில் சிரித்தார். பெரிய கம்பெனி, ஏதோ வேடிக்கை காட்டுகிறது என்று நினைத்துவிட்டார். பெட்டியை நீட்டிய விற்பனைப் பெண்ணின் முகம் வெளிறியதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. அப்போது காலை மணி பதினொன்று. ஐந்தே நிமிடத்தில் கடைக் கதவு பூட்டப்பட்டது. போலீஸுக்கு ஒரு போன் போனது, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு போன் போனது.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்கப் புறப்பட்டவளுக்கு ஆபீஸில் 'எதுக்கும் அம்மா' என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் "எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாமே" என்பாள். வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். "பூட்டு கையோட வந்துடப்போகுது" என்று புருஷன் கேலி செய்தால், நான்காவது முறையும் இழுப்பாள். யாரையும் நம்பமாட்டாள் என்பது வீட்டில் அவளுக்குக் கெட்ட பெயர். ஆபீஸில் அதற்குத்தான் சம்பளம்.

பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். வழியெல்லாம் நெரிசல். பாதி வழியிலேயே செல்போன் சார்ஜ் தீர்ந்து செத்துவிட்டது. கையில் கடிகாரம் கட்டும் பழக்கமும் இல்லை. டாக்ஸியை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தவள், கடையின் தெருப்பக்க ஷோகேஸை ஒரு பார்வை பார்த்தாள். ஆளுக்கொரு பளிங்கு மேடையில் கடிகாரங்கள் மகாராஜாக்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. நடுநாயகமாக இருந்த கடிகாரம் பன்னிரண்டு இருபது காட்டியது. இருபது நிமிஷம் தாமதம். மன்னிப்பு கேட்கத் தயாராகிக் கதவைத் தட்டினாள்.

உள்ளே இன்ஸ்பெக்டர் சோபாவில் சாய்ந்திருந்தார்.

"ஆள் கிடைச்சாச்சு மேடம். பொருள்தான் கிடைக்கலை."

"யாரு?"

அவர் விற்பனைப் பெண்ணைக் கண்ணால் காட்டினார். அந்தப் பெண் வெள்ளைக் கையுறையைக்கூடக் கழற்றாமல் மூலையில் நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

"வேலைக்கூடத்துலேர்ந்து பெட்டியை வாங்கி மாடி ரூமுக்குக் கொண்டுபோனது இவதான். டாக்டர் முன்னாடி திறந்ததும் இவதான். நடுவுல வேற கை படலை."

"அப்போ கடிகாரம் எங்க?"

"எல்லாரையும் ரெண்டு தடவை சோதிச்சாச்சு. பாத்ரூம், குப்பைக்கூடை, காபி மெஷின் எல்லாம் பார்த்தாச்சு. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனா தானா வாயில வரும்."

"எதுக்கும் நானும் ஒரு தடவை கேட்டுடறேன்," என்றாள்.

மேனேஜர் அவளை மாடிக்கு அழைத்துப்போனார். சுருக்கமில்லாத கோட்டு, சுருக்கமில்லாத பேச்சு. மாடியில் எதிரும் புதிருமாக மூன்று அறைகள். ஒன்று முக்கியமான வாடிக்கையாளர்களை உட்கார வைக்கும் அறை. ஒன்று மேனேஜருடையது. மற்றது கடையின் மெக்கானிக் வேலை செய்யும் கூடம்.

"இது காசு கொடுத்தா கிடைக்கற பொருள் இல்லைங்க," என்றார் மேனேஜர். "மொத்தமே இருபத்தஞ்சு பீஸ்தான் பண்ணினாங்க. இந்தக் கடைக்கு ஒண்ணு. யாருக்குக் கொடுக்கணும்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம்."

பெண்ணைக் கட்டிக்கொடுக்கப்போகிறவர் மாதிரிதான் பேசினார். அவளுக்கு அவர் மேல் முதல் சந்தேகம் விழுந்தது.

"இந்த ரூம்ல கேமரா?"

"இல்லை. யார் என்ன வாங்கறாங்கன்னு பதிவாகறது பெரிய மனுஷங்களுக்குப் பிடிக்காது."

வசதியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் கண்ணிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்காமலேயே பேசினார். மனிதர்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஆளோ என்று இரண்டாவது சந்தேகம்.

"டெலிவரி அன்னிக்குக் காலையில சாவி கொடுத்து, சரியான நேரம் வைப்பேன். அப்புறம் மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிடுவேன். நேரம் மாத்தற திருகுகூட உறைக்குள்ளதான். வாங்கறவர்தான் தன் கையால பிரிக்கணும். பிரிச்சுட்டா சேகரிக்கறவங்க கணக்குல அது பழசு."

"பிரிச்சதை மறுபடி ஒட்ட முடியுமா?"

"முடியாம என்ன? ரோல் இங்கதான தொங்குது. கடையில எல்லாருக்கும் ஒட்டத் தெரியும். ஒட்டினா எனக்கே வித்தியாசம் தெரியாது."

அவள் விற்பனைப் பெண்ணைத் தனியாக அழைத்தாள். வாடிக்கையாளர் அறை மேஜையில் இரண்டு காபிக் கோப்பைகள் இருந்தன. ஒன்று நிறைய, ஆடை கட்டி, தொடாமல் இருந்தது.

"டாக்டர் காபி குடிக்கலையா?"

"குடிச்சார்க்கா. காலியா இருக்கே, அது அவரோடது."

"அப்போ இது யாருக்குப் போட்டது?"

பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் விடவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள்.

"டாக்டர் வர்றதுக்கு முன்னாடி, எங்க பழைய வாடிக்கையாளர் ஒருத்தர், மர வியாபாரி சார், மேல வந்து காபி கேட்டாருக்கா. பெட்டியை விட்டுட்டு நகரக்கூடாதுன்னு எங்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவாங்க. ஆனா வாடிக்கையாளர் கேட்டா இல்லைன்னும் சொல்லக்கூடாது. ரெண்டே நிமிஷம், வெளிய வராந்தா மூலைக்குப் போய் காபி போட்டுட்டு வந்தேன். அதுக்குள்ள அவர் கீழ போயிட்டார். பெட்டி வச்ச இடத்துல அப்படியே இருந்தது, திறந்து பார்க்கணும்னு தோணலை."

"இதை ஏன் போலீஸ்கிட்ட சொல்லலை?"

"சொன்னா வேலை போகும். சொல்லலைன்னா ஜெயில்னு இப்பத்தான் புரியுது." கையுறை நுனியால் கண்ணைத் துடைத்தாள். "நான் வேலைக்குப் போறதே மாமியாருக்குப் பிடிக்காதுக்கா. போலீஸ் ஜீப்ல ஏத்தினாங்கன்னு தெரிஞ்சா வாசப்படி ஏற விடமாட்டாங்க."

எதுக்கும் அம்மாவுக்கு அவள் மேலும் சந்தேகம் இருக்கத்தான் செய்தது. ஆனால் பரிதாபமும் வந்துவிட்டது. பரிதாபம் வந்தால் வேலை கெட்டுப்போகும் என்று தெரிந்திருந்தும் வந்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் மேனேஜர் எதிர் அறையில், மெக்கானிக் பக்கத்து அறையில், மர வியாபாரி பெட்டிக்குப் பக்கத்தில். மூன்று பேரையும் சோதித்தாகிவிட்டது. எவரிடமும் எதுவும் இல்லை.

கீழே மர வியாபாரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கியவர். கையில் கடிகாரம் இல்லை.

"ஆறு வருஷமா கேக்கறேன்மா. டாக்டர் போன வருஷம்தான் இந்தப் பக்கமே எட்டிப் பார்த்தார். அவருக்குக் கொடுத்துட்டாங்க."

"கோபம் வரலையா?"

"கோபப்பட்டா அடுத்ததும் கிடைக்காது. இவங்க தொழிலே அதுதான்."

"வீட்ல எத்தனை வச்சிருக்கீங்க?"

"பதினாலு. ஒண்ணோட உறையைக்கூடப் பிரிச்சதில்லை."

"பின்ன மணி எப்படிப் பார்ப்பீங்க?"

"செல்போன்லதான்." ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டது போல அவளைப் பார்த்தார்.

"இன்னைக்கு எதுக்கு வந்தீங்க? உங்களுக்குத்தான் இல்லைன்னு ஆயிடுச்சே."

மேனேஜர்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"சாருக்கு ஷோகேஸ்ல இருக்கற டம்மியைத் தரேன்னு சொல்லியிருந்தேன். இன்னைக்கு ஷோகேஸ் மாத்தறோம். அதே கடிகாரம் மாதிரியேதான் இருக்கும், உள்ள மெஷின் கிடையாது. முள்ளு பத்து பத்துல ஒட்டியிருக்கும். சேகரிக்கறவங்க அதையும் ஆசையா வாங்கி வச்சுக்குவாங்க."

"ஏன் பத்து பத்து?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அப்பதான் கடிகாரம் சிரிக்கற மாதிரி இருக்கும் சார்."

இன்ஸ்பெக்டர் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அது சிரிக்கவில்லை.

காவலாளி எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். "பாவம், அந்தப் பொண்ணும் காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடலை, நானும் சாப்பிடலைம்மா," என்றார் மெதுவாக. "வந்ததும் ஷோகேஸைத் திறந்து தூசி தட்டி, துணியை அலசிட்டு வந்து பூட்டி, அதுக்குள்ள இந்தக் கூத்து. உக்காரவே நேரமில்லை."

ஒரு மணி நேரத்துக்கு மேல் துருவியும் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்தார். "பொண்ணை ஏத்துங்க. மத்தவங்க போகலாம்."

விற்பனைப் பெண் கையுறையைக் கழற்றி மடித்து மேஜை மேல் வைத்தாள். எதுக்கும் அம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, என் மாமியாருக்கு நீங்க ஒரு போன் பண்ணிச் சொல்றீங்களா? போலீஸ் சொல்றதை விட நீங்க சொன்னா..."

"அப்போ எனக்குச் சொன்னதைக் கொடுத்துட்டீங்கன்னா நானும் கிளம்பறேன்," என்று பின்னாலிருந்து மர வியாபாரி மேனேஜரிடம் சொல்வது கேட்டது. மேனேஜர் சாவிக்கொத்தோடு ஷோகேஸின் பின்கதவுக்குப் போனார். வியாபாரியை அனுப்பிவிட்டால் ஒரு தலைவலி தீரும் என்ற அவசரம் அவருக்கு.

எதுக்கும் அம்மா பையிலிருந்து போனை எடுத்தாள். போன் செத்துக் கிடந்தது. டாக்ஸியில் வரும்போதே செத்துவிட்டதே என்று நினைத்தாள். நினைத்தவள் அப்படியே நின்றாள். போனும் இல்லை, கையில் கடிகாரமும் இல்லை. அப்படியானால் இருபது நிமிஷம் தாமதம் என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்?

"மேனேஜர் சார், ஒரு நிமிஷம். கையில இருக்கறதைத் திருப்பிப் பாருங்க. மணி என்ன?"

மேனேஜர் திருப்பினார். பார்த்தார். பேச்சில் முதல்முறையாகச் சுருக்கம் விழுந்தது.

"ஒண்ணு... ஒண்ணு நாப்பது."

"பத்து பத்து இல்லையா?"

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். ஓடிக்கொண்டிருந்தது. மேலே மெல்லிய உறை மின்னியது.

"ஷோகேஸ் தெருவைப் பார்த்து இருக்கு," என்றாள் எதுக்கும் அம்மா. "கடைக்குள்ள இருக்கறவங்களுக்குக் கடிகாரத்தோட முதுகுதான் தெரியும். நீங்க எல்லாரும் அது பக்கத்துலயேதான் தேடிக்கிட்டிருந்தீங்க. நான் வெளியிலேர்ந்து மணி பார்த்துட்டு உள்ள வந்தேன், வந்ததும் மறந்துட்டேன். டம்மின்னு சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

"யார் வச்சது?" என்றார் இன்ஸ்பெக்டர். பார்வை மேனேஜர் பக்கம் போனது.

"நானும் முதல்ல அவரைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனா கடை ஆளுங்க யாரா இருந்தாலும் முள்ளைப் பத்து பத்துல நிறுத்திட்டுதான் ஷோகேஸ்ல வைப்பாங்க. அதுக்கு உறையைப் பிரிக்கணும். பிரிச்சா என்ன, மறுபடி ஒட்ட ரோல் இருக்கே. இதை வச்சவருக்குப் பிரிக்க மனசு வரலை. பிரிச்சா அது அவருக்குக் குப்பை." திரும்பி மர வியாபாரியைப் பார்த்தாள். "காபி கேட்டு அந்தப் பொண்ணை நகர்த்தினீங்க. எடுத்துட்டுக் கீழ வந்தப்ப காவலாளி துணி அலசப் போயிருந்தார், ஷோகேஸ் திறந்து கிடந்தது. டம்மியை எடுத்துட்டு இதை வச்சீங்க. யார் எத்தனை தடவை சோதிச்சா என்ன, மேனேஜரே தன் கையால எடுத்துக் கொடுப்பார்."

"டம்மி எங்க?" என்று இன்ஸ்பெக்டர் உறுமினார். ஷோகேஸுக்குப் பக்கத்தில் யாரும் தேடாத இடம் வாசல் குடை ஜாடி ஒன்றுதான்; காவலாளி தானாகவே போய் அதில் கை விட்டார். குடைகளுக்கு அடியிலிருந்து அது வந்தது, பத்து பத்தில் சிரித்துக்கொண்டு.

மர வியாபாரி மறுக்கவில்லை. கால்மேல் போட்டிருந்த காலை மட்டும் இறக்கினார்.

"ஓடும்னு தெரியும்மா. நிறுத்தணும்னுதான் உறை ஓரத்துல நகத்தை வச்சேன். கை வரலை." மேனேஜரைக் காட்டி, "ஆறு வருஷம் காத்திருந்தவனுக்கு டம்மி தரேன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்," என்றார்.

மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பதிலா இந்தப் பொண்ணு ஜீப்ல ஏறியிருக்கும். அதையும் பார்த்துக்கிட்டுதானே உக்காந்திருந்தீங்க?" என்றாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார். எதுக்கும் அம்மா கடிகாரத்தை வாங்கிக்கொண்டாள்.

"பின்னாடி ஒரு நம்பர் இருக்குமே, உறையைப் பிரிச்சு அதைப் பார்க்கணும். இதுவும் போலியா இருந்துட்டா? எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்."

"பிரிக்காதீங்கம்மா," என்றார் மர வியாபாரி. கைது என்று தெரிந்தபோதுகூட நடுங்காத குரல் இப்போது நடுங்கியது. "ஜெயிலுக்கு வரேன். அதை மட்டும் பிரிக்காதீங்க."

அவள் டாக்டரைப் பார்த்தாள். காலையிலிருந்து ஓரமாக உட்கார்ந்திருந்த மனிதர் தலையாட்டினார். "பிரிங்க. நான் கட்டிக்கறதுக்குத்தான் வாங்கறேன்."

எதுக்கும் அம்மா கடிகாரத்தை விற்பனைப் பெண்ணிடம் நீட்டினாள். அந்தப் பெண் மேஜையிலிருந்த கையுறையை எடுக்கவில்லை. வெறும் விரலால் உறையின் ஓரத்தைத் தேடிப் பிடித்து இழுத்தாள். சரக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மர வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நம்பர் சரியாக இருந்தது. டாக்டர் அதைக் கையில் கட்டிக்கொண்டார்.

"மணி என்ன டாக்டர்?" என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

"ரெண்டாகப் போகுதும்மா. போய்ச் சாப்பிடு."